பத்துக்குப் பதில் இருபத்திரண்டு

இருவருமே பொய் சொல்லவில்லை.
"என் சைரன்தான் கேட்டது" என்றான் பார்ரியா,
தோள்பட்டை எலும்பில் கட்டோடு.
"எனக்கும் என்னுடையதுதான்" என்றாள் ஓயார்சூன்.
சிலோயே தெரு முனையில்
மூன்றாம் கம்பெனி வண்டியும் ஆறாம் கம்பெனி வண்டியும்
ஒரே தீயை அணைக்கப் போய்
ஒன்றையொன்று அணைத்துக்கொண்ட மறுநாள்.

தீ பதினோரு நிமிடம் காத்திருந்தது.
பிறகு வீட்டுக்காரியே
சூப் பானையைக் கவிழ்த்து முடித்துவிட்டாள்.

ஒரே ஏலத்தில் எடுத்த இரண்டு பெட்டிகள்.
ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்.
தன் குரலில் இன்னொருவன் கத்தினால்
யாருக்குத்தான் காது கேட்கும்?

பகலில் எனக்கு நண்டுக் கிடங்கில் வேலை,
குளிரூட்டிகளுக்கு மின்சாரம் பார்ப்பது.
இரவில் தீயணைப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது,
நாங்கள்தான் மாதச் சந்தா கட்டுகிறோம்.
ஆகவே பெட்டியைத் திறக்க
நான் யாரிடமும் கேட்கவில்லை.

உள்ளே அழுகை எதுவும் இல்லை.
ஒரு மின்தேக்கி,
சுண்டுவிரல் நுனி அளவு.
ஒரு மின்தடை வழியே கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது.
மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் மடை திறக்கிறது.
மூன்றில் ஒரு பங்குக்கு வடிந்ததும் மூடுகிறது.
ஒருபோதும் நிரம்புவதில்லை,
ஒருபோதும் வற்றுவதுமில்லை.
பக்கத்தில் ஓர் அவசரக்காரச் சுற்று
அந்த மட்டத்தையே பார்த்துக்கொண்டு துடிக்கிறது.
மட்டம் ஏறினால் துடிப்பு ஏறும்.
தடித்த டிரான்சிஸ்டர்கள் இரண்டு
பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை
அந்தத் துடிப்புக்கு நறுக்கி நறுக்கி
கூரை மேலிருக்கும் கூம்புக்கு அனுப்புகின்றன.
அவ்வளவுதான்.
ஊரே சன்னலுக்கு ஓடிவருவது
ஒரு நீர்மட்டத்துக்காக.

மணி பன்னிரண்டு. அடுத்த வீட்டில் கைக்குழந்தை.
கூம்பைக் கழற்றிவிட்டு
அதன் இடத்தில் பழைய முகப்பு விளக்கை மாட்டினேன்.
மின்தேக்கியில் முள் மீட்டரைத் தொடுத்தேன்.
சத்தமில்லாத சைரனைப் பார்த்திருக்கிறீர்களா?
முள் ஏறியது. இறங்கியது.
ஏறியது. இறங்கியது.
நான்கு விநாடிக்கு ஒரு தரம்,
தூங்குகிறவனின் மார்பு மாதிரி.

"சத்தத்தைக் கூட்டிவிடேன்" என்றார்கள் பையன்கள்,
"பெரிய டிரான்சிஸ்டராகப் போடு."
இங்கே புந்தா அரேனாஸில் காற்று
ஆளையே தூக்கிக்கொண்டு போகும், சத்தம் எம்மாத்திரம்.
தவிரவும்,
இரண்டு மடங்கு கத்தினாலும் அதே குரல்தானே.

பத்து மைக்ரோஃபாரடை ஈயம் உருக்கிப் பிடுங்கினேன்.
இருபத்திரண்டை வைத்தேன்.
முள் இப்போது ஏறுகிறது
ஏறுகிறது
இன்னும் ஏறுகிறது
யோசிக்கிறது.
இறங்க ஆரம்பிக்கிறது.
கிட்டத்தட்ட ஒன்பது விநாடி.

ஓயார்சூன் கையேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.
ஏறி இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது,
எவ்வளவு வேகத்தில் என்று இல்லை.
மூன்று முறை படித்தாள்.
பிறகு பெட்டியைத் தானே
ஆறாம் வண்டியில் திருகினாள்.

நாய்களுக்குத்தான் குழப்பம்.
நீரிணைக் கரையோரம் சோதனை ஓட்டம் போனபோது
வழக்கம்போல் கூட ஊளையிட ஆரம்பித்து,
பாதியில் முந்திப்போய்,
திரும்பிப் பார்த்து,
வாயை மூடிக்கொண்டன.

ஜூலையில் ஒரு விடிகாலை, மணி மூன்று.
மூன்றாம் வண்டியின் பின்னிருக்கையில் நான்,
ஓட்டுவது மிலென்கோ.
எங்கள் சைரன் எங்கள் தலைமேலேயே
அவசரம் அவசரம் என்று புரண்டுகொண்டிருந்தது.
அதன் அடியில், இடப்பக்கத்திலிருந்து,
வேறொன்று மெதுவாக ஏறிவந்தது.
முள் எந்த இடத்தில் இருக்கும் என்று
எனக்குத் தெரிந்தது.

"ஆறு" என்றான் மிலென்கோ.
கால் பிரேக்குக்கு மாறியது.

பனிச்சேறு தெறிக்க அவர்கள் முன்னால் போனார்கள்.
யாரும் கையசைக்கவில்லை.
நாங்கள் பின்னாலேயே போனோம்.